யன்னலில் வைத்த செப்புத் தகடு

ஒரு மாதத்துக்கு என்று சொல்லித்தான் நான் வெள்ளவத்தைக்கு வந்தேன். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய கிழமை அது. அப்பா முன்னமே காலமாகிவிட்டார். அக்கா கல்யாணம் முடித்துக் கனடாவில் இருக்கிறாள். மிச்சம் நான் ஒருத்திதான். அதுவரை கொட்டாஞ்சேனையில் இரண்டு சிநேகிதிகளோடு வாடகை வீட்டில் இருந்தேன். ஒரு பையில் உடுப்பும், அலுவலகத்து மடிக்கணினியும் எடுத்துக்கொண்டு, என் அலுமாரியைப் பூட்டிவிட்டு வந்தேன். பிறகு அந்த அலுமாரியும் லொறியில் ஏறி இங்கே வந்து சேர்ந்தது. சிநேகிதிகளில் ஒருத்தி கல்யாணம் கட்டினாள், மற்றவள் ஹெந்தளைக்கு மாறிப் போனாள். நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

எங்கள் ஃபிளாட் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில், நாலாம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் ஓடுகிற நாளைவிட ஓடாத நாள்தான் அதிகம். கீழே இருக்கும் காவலாளியிடம் கேட்டால் "ஹெட்ட ஹதனவா மிஸ்" என்பார். நாளைக்குத் திருத்துவார்களாம். அவர் சொல்கிற அந்த நாளை என்றைக்கு வரும் என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். அம்மா வோக்கரைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து ஹோலுக்கும், ஹோலிலிருந்து குளியலறைக்கும் நடப்பார். கிளினிக்குக்குப் போகிற நாளில் மட்டும் கதிரையில் இருத்தித் தூக்கி இறக்குவோம். மற்றப்படி அவருக்கு உலகம் அவ்வளவுதான்.

எனக்கும் அதைவிடப் பெரிய உலகம் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் அலுவலகம் எங்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது. பிறகு அப்படியே விட்டுவிட்டது. "உனக்கு எவ்வளவு வசதி" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலைக்குப் போகிற சாட்டில் கோட்டை வரை பஸ்ஸில் நசிபட்டுப் போய் வந்த அந்த ஒரு வழியும் அடைபட்டதை வசதி என்கிறார்கள். மட்டக்குளியிலிருந்து உதவிக்கு ஒரு பெண் சில நாட்கள் வருவார். அவர் இருக்கிற சில மணி நேரம்தான் நான் படியிறங்கலாம். அதிலும் அவருடைய பஸ்ஸுக்கு நேரமாகிவிடுமே என்று, கடையில் நின்றாலும் கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து எடுத்து நேரம் பார்த்தபடிதான் நிற்பேன். மணிக்கட்டில் ஒரு மணிக்கூடு இருந்தால் நல்லது என்ற நினைப்பு அப்படித்தான் முதலில் வந்தது.

வாங்கியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் ஒருவர் மேசையில் உட்கார்ந்து தன் கைமணிக்கூட்டைப் பாகம் பாகமாகத் தானே பூட்டுகிற காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டேன். பற்றரி இல்லாதது, தினமும் சாவி கொடுத்து ஓட வைப்பது. உள்ளே சுருள்வில் ஒன்று முறுக்கேறிக் கிடக்கிறது. விட்டால் ஒரே மூச்சில் அவிழ்ந்து தீர்ந்துவிடும். அதை விடாமல், இரண்டு சிவப்புக் கல் பதித்த சின்னக் கவை ஒன்று, பல்லுச் சில்லைப் பல்லுக்குப் பல் மறித்து மறித்து விடுகிறது. அந்த மறிப்புத்தான் டிக் டிக் என்று கேட்பதாம். அந்தச் சுருள்வில்லைப் பார்த்ததும் எனக்கு உடனே விளங்கிவிட்டது. அது எங்கள் வீட்டு ஆள்.

பாகங்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பெரிய இயந்திரம்தான் நல்லது என்றார்கள், பாகங்கள் கண்ணுக்குத் தெரியும், விரலுக்கும் அடங்கும். அதனால் அதை அடைக்கிற கூடு, கேஸும் பெரியது. பொதியைப் பிரித்தபோது அம்மா கட்டிலில் இருந்தபடி எட்டிப் பார்த்தார்.

"ஆருக்கு உது?"

"எனக்கு" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொல் ஏனோ வாயில் வரவில்லை. நாற்பது தாண்டிய ஒருத்தி தனக்கு விளையாட்டுச் சாமான் வாங்கியதுபோல வெட்கமாக இருந்தது. "சும்மா" என்றேன்.

"ஆம்பிளையளின்ர மாதிரிக் கிடக்கு. உனக்கெண்டால் என்னத்துக்கு? வீட்டிலைதானே இருக்கிறாய். சுவரிலை மணிக்கூடு இருக்கு."

எங்கள் வீடுகளில் "சும்மா" என்று சொன்ன பொருளுக்குச் சொந்தக்காரர் இல்லை. யாரும் அதை யாருக்கும் கொடுக்கலாம். இது எனக்குத் தெரியாததல்ல, அந்த நேரம் யோசிக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கண்ணயரும் வேளைதான் என் நேரம். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தவேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் சில்லு நின்றுவிடும். விசிறி இல்லாத கொழும்பு மதியத்தில் நெற்றிக்குத் துணி கட்டிக்கொண்டு, ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, சத்திரசிகிச்சைக் கையுறையின் விரல்களை வெட்டி மாட்டிக்கொண்டு உட்காருவேன். எழும்பிப் போகும்போது எல்லாவற்றையும் கேக்கை மூடுகிற கண்ணாடி மூடியால் மூடிவைப்பேன். கரையோர ரயில் வந்தால் கட்டடம் லேசாக அதிரும். தூரத்தில் சத்தம் கேட்டவுடன் பாகங்களைப் பிடிக்கும் சாமணத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அது தெஹிவளைப் பக்கம் போய் மறையும்வரை காத்திருப்பேன். பிறகு திரும்ப எடுப்பேன். சாமணத்தால் பிடித்த வில் ஒன்று ஒருநாள் துள்ளிப் பறந்துவிட்டது. டோர்ச் வெளிச்சத்தில் நிலமெல்லாம் தவழ்ந்து தேடினேன். கண்விழித்த அம்மா, "என்ன துலைச்சனீ?" என்று கேட்டார். மயிரைவிட மெல்லிய ஒன்றைத் தேடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? "ஊசி" என்றேன். "கால்லை குத்தப்போகுது, விசிறியைப் போடு, வேகுது" என்றார்.

முகப்புத் தட்டை மட்டும் நான் வாங்கவில்லை. இந்தக் கடற்காற்று எங்கள் யன்னல் கம்பியைத் தின்றது, குளிர்ப்பெட்டியின் பிணைச்சலைத் தின்றது, மூன்று பூட்டுகளைத் தின்றது. துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துபோன எனக்கு ஒருநாள் கோபத்தில்தான் அந்த யோசனை வந்தது. தின்கிறதென்றால் எனக்காகவும் கொஞ்சம் தின்னட்டும். செட்டியார் தெருவில் ஒரு பட்டறையில் செப்புத் தகடு வாங்கி, ஒரு வட்டத்தை வெட்டுவித்து, முட்களுக்குத் துளை போடுவித்தேன். வினாகிரியும் உப்பும் பூசிக் குசினி யன்னல் விளிம்பில் வைத்தேன். அந்த யன்னலால் பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். சுவருக்கும் அடுத்த சுவருக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்குக் கடல்.

செம்பு முதலில் கறுத்தது. பிறகு ஓரத்தில் பச்சை பிடித்தது. மழை வந்தால் உள்ளே எடுப்பேன், வெயில் வந்தால் வெளியே வைப்பேன். சோறு கொதிக்கும்போது அதைப் பார்த்தபடி நிற்பேன். அந்த யன்னலடியில் அதே காற்றில் நானும்தான் நின்றேன், என்னையும்தான் அது தின்றது. ஆனால் தகட்டில் அது அழகாக வந்தது. கடலின் பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, நடுவில் வெள்ளைச் சாம்பல் பூத்த ஒரு நிறம். அந்த நிறம் கடையில் கிடையாது. பதம் வந்ததும் மேலே வார்னிஷ் பூசி அதை நிறுத்தினேன். இந்த வீட்டில் எனக்கென்று நடந்த ஒரே காரியம் அது என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முட்கள் உருக்கு. உருக்கைப் பித்தளையின் மேல் வைத்துச் சூடாக்கினால் மஞ்சளாகி, மண்ணிறமாகி, ஊதாவாகி, நீலமாகும். நீலம் வந்த கணத்தில் எடுக்கவேண்டும், பிந்தினால் சாம்பல். வீட்டில் தட்டையான பித்தளை என்று இருந்தது சுவாமியறை விபூதித் தட்டு ஒன்றுதான். அடுப்பில் வைத்தேன். நிமிட முள் நன்றாக நீலமானது. மணி முள் ஊதாவில் நின்றபோது உள்ளேயிருந்து "பிள்ளை, தண்ணி" என்று குரல் வந்தது. பதறி எடுத்துவிட்டேன். அதனால் என் மணிக்கூட்டில் நிமிடம் நீலம், மணி ஊதா. தட்டின் அடி கறுத்துப்போனதைக் கண்டுபிடித்து, "சுவாமித் தட்டை அடுப்பிலை வைச்ச விசரி" என்று அம்மா இரண்டு நாள் அர்ச்சனை செய்தார்.

மணிக்கூட்டுக்கு வார் வாங்க ஒரு நாள் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். என் பழைய வீட்டு வழியாகத்தான் பஸ் போனது, இறங்கிப் பார்க்கவில்லை. கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், கேஸைக் கையில் வாங்கி அளந்தார்.

"மாப்புளக்கா மிஸ்?"

"இல்லை, எனக்கு" என்றேன். தெரியாத மனிதரிடம் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது! அவர் நம்பினாரோ தெரியாது. ஆனால் வாரில் உள்ளே தள்ளி இன்னும் இரண்டு துளை போட்டுத் தந்தார்.

அந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு அக்கா குடும்பத்தோடு வருவதாக இருந்தது. "நான் வந்து அம்மாவோடை நிக்கிறன். நீ எங்கையாவது போட்டு வா" என்று தொலைபேசியில் பல தடவை சொன்னாள். திருகோணமலைக்குப் போய் ஒரு கிழமை ஒருவரோடும் கதைக்காமல் இருக்கவேண்டும் என்று நான் பையைக்கூட எடுத்துத் தூசு தட்டி வைத்தேன். வந்தார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். அக்காவுக்குச் சாறிக் கடைகள். அத்தானுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் சமைத்தது நான். பிறகு திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போனார்கள். "திரும்பி வந்த உடனை நீ வெளிக்கிடு, என்ன?" என்றாள் அக்கா. விமானத்துக்கு முதல்நாள்தான் திரும்பி வந்தார்கள். பையைத் திரும்பவும் அலுமாரிக்கு மேல் ஏற்றினேன்.

அவர்கள் யாழ்ப்பாணத்தில் நின்ற நாட்களில்தான் மணிக்கூட்டைப் பூட்டி முடித்தேன். கடைசி ஸ்குரூவை இறுக்கி, பக்கத்தில் உள்ள திருகுதலையைத் திருகிச் சாவி கொடுத்தபோது உள்ளே சில்லு ஒரு தரம் தயங்கி, பிறகு ஆடத் தொடங்கியது. கையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், நன்றாக அழுதேன். கையில் கட்டுவதற்கு முன் சரியாக ஓடுகிறதா என்று சில நாள் பார்ப்பதற்காக ஹோல் அலுமாரியில், கேக் மூடிக்குள் வைத்தேன்.

அவர்கள் புறப்படுகிற நேரம். கீழே வான் ஹோர்ன் அடிக்கிறது. சூட்கேஸ்களைப் படியால் இறக்க ஆட்கள் நிற்கிறார்கள். அம்மா எல்லாருக்கும் விபூதி பூசினார். பிறகு வோக்கரைத் தள்ளிக்கொண்டு ஹோல் அலுமாரியடிக்குப் போனார். கேக் மூடி கிளிங் என்றது. ஹவுஸ்கோட் பொக்கற்றுக்குள் எதையோ போட்டுக்கொண்டு, ஒவ்வொரு அடியாகத் திரும்பி வந்து அத்தானின் முன் நின்றார்.

"தம்பி, இந்தமுறை மாமியாலை உங்களுக்கு ஒண்டும் வாங்கேலாமல் போச்சு. கடைக்கு இறங்கேலாது. இது உங்களுக்கெண்டு பிள்ளை தன்ர கையாலை செய்தது. வெறுங்கையோடை போகக்கூடாது."

எங்கள் ஆட்களில் மருமகன் வீட்டுக்கு வந்து வெறுங்கையோடு படியிறங்குவது பெரிய குறை. முன்பென்றால் மோதிரமோ வேட்டி சால்வையோ இருக்கும். இப்போது அம்மாவின் கைக்கு எட்டிய தூரத்தில் புதிதாக இருந்த பொருள் இது ஒன்றுதான். இதை நான் பிறகுதான் யோசித்தேன்.

"மச்சாள், உண்மையா நீங்களே செய்தனீங்கள்?" அத்தான் அதைக் கையில் கட்டினார். அளவாக இருந்தது. "மணி முள்ளுக்கு வேற நிறம் போட்டிருக்கிறீங்கள். நல்ல டிசைன்."

"ஓம் அத்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல? மருமகனின் கையில் வைத்ததைத் திருப்பி வாங்கிய வீடு என்று எங்கள் பரம்பரையில் ஒன்று கிடையாது. அவர் போகும்போது தினமும் சாவி கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன், அவ்வளவு ஆத்திரம்.

வான் போனபிறகு பாத்திரங்களைக் குசினியில் போட்டு உருட்டினேன். அம்மாவுக்குக் கேட்கட்டும் என்றுதான். கேட்டது.

"உனக்கென்ன, இன்னொண்டு செய்யலாம்தானே? நீ இருந்தபாட்டிலை செய்யிறனி" என்றார்.

நான் இருந்தபாட்டில், இருந்த இடத்திலேயே இருக்கிறேன் என்பதைத்தான் இத்தனை காலமாக விழுங்கிக்கொண்டிருந்தேன். அதை அம்மாவே வாயால் சொல்லிவிட்டார். அதன்பிறகு பல நாட்கள் சாப்பாடு, மருந்து, குளிப்பு தவிர அவரோடு ஒரு கதையும் இல்லை. மதியத்தில் மேசை வெறுமையாகக் கிடந்தது. விசிறியை முழு வேகத்தில் போட்டுவிட்டு அதன் கீழ் சும்மா படுத்திருந்தேன்.

சில கிழமை கழித்து வீடியோ அழைப்பு வந்தது. அம்மாதான் தொலைபேசியைப் பிடித்திருந்தார். சுகம் விசாரித்து முடிந்ததும் அத்தான் முகத்தை நீட்டினார்.

"மாமி, நீங்கள் தந்த மணிக்கூடு வந்த கையோடை நிண்டுபோச்சு. இஞ்சை ஒரு கடையிலை காட்டுவமோ எண்டு பாக்கிறன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது. மருமகனுக்குக் கொடுத்த பொருள் பழுதாகிவிட்டதே என்ற வெட்கம். நான் தொலைபேசியை வாங்கினேன்.

"அது பழுதில்லை அத்தான். அதுக்கு ஒவ்வொரு நாளும் காலமை சாவி குடுக்கவேணும்."

"அப்பிடியே? முதலே சொல்லியிருக்கலாமே மச்சாள்!"

இந்த இடத்தில் சிரித்துவிட்டு வைத்திருக்கலாம். அவர் சாவி கொடுத்திருப்பார், அது கனடாவில், ஸ்கார்பரோவில் ஓடியிருக்கும். ஆனால் அவருக்குப் பின்னால் தெரிந்த பெரிய யன்னலையும், அதற்கு வெளியே வெறும் வானத்தையும் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. என் யன்னலின் பச்சை அங்கே எதற்கு?

"அத்தான், அது என்ர. எனக்கெண்டு செய்தனான். அம்மாவுக்குத் தெரியாது. திருப்பித் தாங்கோ."

அத்தானின் முகம் திரையிலிருந்து விலகியது. பிறகு அக்காவின் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது: "ஒரு மணிக்கூட்டுக்கு ஏனடி இப்பிடி?"

"ஒரு மணிக்கூடு மட்டும்தான் அக்கா" என்றேன். "வேற ஒண்டும் நான் கேக்கேல்லை."

அம்மா தொலைபேசியைப் பிடுங்கி அணைத்தார். "மருமகனிட்டைத் திருப்பிக் கேட்டிட்டாய். நான் இனி அந்த முகத்திலை எப்பிடி முழிக்கிறது?" என்றார். அழுதார். நான் சமாதானம் சொல்லவில்லை. இந்தமுறை அவர்தான் பேசாமல் இருந்தார்.

அத்தான் நல்ல மனிதர். அடுத்த மாதம் கொழும்புக்கு வந்த ஒருவரிடம் சொக்லேட் பொதிக்குள், ஒரு புதுக் காலுறையில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். நான் ஹோலில் நின்றபடியே பிரித்துச் சாவி கொடுத்தேன். முன்போலவே ஒரு தரம் தயங்கி ஓடத் தொடங்கியது. வாரின் உள்துளைகளில் கொழுவிக் கட்டினேன். மெலிந்த கையில் தட்டுப்போல் பெரிதாக இருந்தது. இருக்கட்டும்.

அம்மா கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "கொண்டா பாப்பம்" என்றார். பல நாளுக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. கையை நீட்டினேன். கண்ணுக்குக் கிட்டவாக இழுத்து, நெடுநேரம் பார்த்தார்.

"குசினி யன்னல்லை வைச்செடுத்த தகடெல்லே? மழைக்கு ஓடி ஓடி எடுப்பாய்." அவர் நித்திரை என்று நான் நினைத்த நேரங்களிலெல்லாம் பார்த்திருக்கிறார். பிறகு என் கையை விடாமலே, "எனக்கும் ஒண்டு செய்து தாவன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை மாதத்துக் கோபமும் அந்தச் சிரிப்போடு சேர்ந்து வாயால் வந்துவிட்டது. "உங்களுக்கு என்னத்துக்கம்மா? நீங்கள் எங்கை போகப்போறீங்கள்?"

அம்மா மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ எங்கை போறாயெண்டு கட்டியிருக்கிறாய்?"

குத்திக் காட்டுகிற குரலாக அது இல்லை. உண்மையிலேயே கேட்டார். கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று வந்தது. கட்டடம் லேசாக அதிர்ந்தது. பழக்கத்தில் நான் அசையாமல் நின்றேன், அம்மாவும் என் கையைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். அது போய் மறைந்த பிறகுதான் கையை விட்டார்.

"தினமும் சாவி குடுக்கவேணும்" என்றேன்.

"ஏன், எனக்கு விரல் இல்லையே?"

மறுநாள் மீதியிருந்த செப்புத் தகட்டில் சின்னதாக ஒரு வட்டம் வெட்டி, வினாகிரியும் உப்பும் பூசிக் குசினி யன்னலில் வைத்தேன். அம்மா வோக்கரைத் தள்ளிக்கொண்டு குசினிவரை வந்து அதைப் பார்த்தார். "எவ்வளவு நாள் எடுக்கும்?" என்று கேட்டார். மாதக்கணக்காகும் என்றேன். அவசரமில்லை, நாங்கள் இருவரும் எங்கும் போகப்போவதில்லை.